எந்தப் படத்துப் பாட்டு அது?

ஒரு மெட்டு மனசுக்குள் ஓடுகிறது. நடுவில் இரண்டு சொல் தெரிகிறது. முன்னும் பின்னும் வெறும் 'தன்னானே'தான். யார் பாடியது, எந்தப் படம், ஒன்றும் பிடிபடவில்லை. பள்ளிக்கூட நாளிலோ கல்லூரி நாளிலோ எங்கேயோ கேட்டது என்பது மட்டும் நிச்சயம். அப்படி ஒரு பாட்டு உங்களிடம் இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கும் வழிகளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி – தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர்கள் இங்கே நிறைய. மாலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போனால், கால்வலியில் தொடங்கிய பேச்சு பழைய பாட்டில்தான் வந்து நிற்கும். "அது என்ன பாட்டுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்களேன்" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். தேடிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பாதிதான் நினைவிருக்கிறது என்பதால் ஞாபக மறதி வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையும் கேட்டவையும்தான் முதுமையிலும் அதிகமாக மேலெழுந்து வரும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டுகள் மொத்தமாக உள்ளே போய்விட்டன. பெயரும் விவரமும் அந்த அளவுக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

நுனிநாக்கில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்ற நிலையை 1966-இல் பிரவுன், மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சொல் வராதபோதும், அது எந்த எழுத்தில் தொடங்கும், எத்தனை அசை இருக்கும் என்பதைப் பலர் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். உங்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. சொல் தெரியாவிட்டாலும் "இந்த இடத்தில் நாலு எழுத்துச் சொல், 'ம'வில் ஆரம்பிக்கும்" என்று தோன்றினால் அந்தத் தோன்றலைத் தள்ளிவிடாதீர்கள். எழுதி வையுங்கள்.

சரி, முதல் வேலை என்ன? யாரிடமும் கேட்பதற்கு முன், எதையும் தேடுவதற்கு முன், அந்த மெட்டை உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். போனில் குரல் பதிவு செய்யும் வசதி இருக்கும். இல்லையென்றால் வாட்ஸப்பில் உங்களுக்கே ஒரு குரல் செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள். சொல் தெரிந்த இடத்தில் சொல், தெரியாத இடத்தில் 'லலலா'. குரல் நன்றாக இல்லையே என்ற கூச்சம் வேண்டாம், மெட்டு புரிந்தால் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். தேடத் தொடங்கியதும் அதைப்போலவே இருக்கும் நாலு பாட்டைக் கேட்பீர்கள். ஐந்தாவதாக உங்கள் பாட்டை நினைத்துப் பார்த்தால் கேட்ட மெட்டுகள் அதோடு கலந்துபோயிருக்கும். ஒரே ராகத்தில் (குறிப்பிட்ட சுரங்களைக் கொண்டு அமையும் இசை வடிவம்) அமைந்த பாட்டுகள் இந்த விஷயத்தில் மிகவும் ஆபத்தானவை. கலப்பதற்கு முன் பதிவாகிவிட்டால் கவலையில்லை.

அடுத்ததாக, நினைவிருக்கும் சொற்களை எவ்வளவு நம்பலாம்? பாதிக்குப் பாதி. பாட்டில் சொற்கள் தாளத்துக்கு ஏற்பப் பிரிந்தும் சேர்ந்தும் வரும். 'வானவில்லையே' என்று பாடியிருந்தால் உங்கள் காதில் 'வானமில்லையே' என்று விழுந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக வானம் இல்லாத ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் சொற்களை எழுதும்போது, நிச்சயமாகத் தெரிந்ததற்கு ஒரு கோடு போடுங்கள். இப்படி இருக்கலாம் என்று தோன்றுவதைக் கோடு போடாமல் விடுங்கள்.

இன்னொரு தடை பெரும்பாலானோர் கவனிக்காதது. தமிழ்ப் பாட்டுக்கான பட்டியல்கள் பெரும்பாலும் பல்லவியின் (பாட்டு தொடங்கும் அடிகள், திரும்பத் திரும்ப வருபவை) முதல் அடியை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கும். நமக்கு நினைவில் நிற்பதோ பல சமயம் சரணம் (பல்லவிக்குப் பின் வரும் நீண்ட பகுதி). சரணத்தில்தான் கதை இருக்கும், உருக்கம் இருக்கும், குரல் மேலே ஏறும். சரணத்துச் சொற்களை எடுத்துக்கொண்டு பல்லவிப் பட்டியலில் தேடினால் பாட்டு அங்கே இருந்தும் கண்ணில் படாது.

நீங்கள் நினைவில் வைத்திருப்பது பல்லவியா, சரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முனகிப் பாருங்கள். அந்த அடி முடிந்ததும் மனசு தானாகவே வேறொரு கீழ்நிலை மெட்டுக்குத் திரும்பப் போகிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது சரணம். அந்தத் திரும்பும் இடம்தான் பல்லவி. அங்கே வரும் ஒரே ஒரு சொல் கிடைத்தாலும் வேலை பாதி முடிந்தது. சிலருக்குச் சொல்லே இருக்காது, இடையிசை (பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வாத்தியப் பகுதி) மட்டும் இருக்கும். இளையராஜாவின் பாட்டுகளில் இது மிகவும் சகஜம். புல்லாங்குழலோ வயலினோ வரும் அந்தப் பகுதியையும் முனகிப் பதிவு செய்யுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியம் என்று படுவதற்கு வருகிறேன். எல்லோரும் சொல்லில் தொடங்குகிறார்கள். நான் எப்போதும் முதலில் கேட்பது: அதை எங்கே கேட்டீர்கள், எதிலிருந்து கேட்டீர்கள்?

மனசுக்குப் பாட்டின் பெயரைவிட அது வந்த இடம் நன்றாக ஞாபகம் இருக்கும். டீக்கடை வானொலியா, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியா, அண்ணன் வாங்கிவந்த டேப் ரிக்கார்டரா, மின்சார ரயிலில் பார்வையற்ற ஒருவர் பாடிக்கொண்டு வந்ததா? இந்தப் பதிலே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வானொலி என்றால் எந்த வானொலி? 1970-களில் இந்தப் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை விடியற்காலையிலிருந்தே ஒலிக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் ஞாபகம் இருந்தால், உங்கள் பாட்டு சினிமாப் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இலங்கையில் பிறந்த பொப்பிசைப் பாட்டுகளும் அங்கே ஒலித்தன. சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' அப்படி வந்ததுதான். பிறகு 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அது சினிமாப் பாட்டாகவும் மாறியது. படப் பட்டியலில் மட்டும் தேடுபவர் முதல் வடிவத்தைத் தவறவிட்டுவிடுவார்.

விவித் பாரதி என்றால் உங்களுக்குக் கொஞ்சம் வசதி. 1957 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையில், பாட்டுக்கு முன்னாலேயே படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். 'தேன்கிண்ணம்' நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குப் பாட்டோடு அந்த அறிவிப்பும் சேர்ந்தே மனசில் பதிந்திருக்கும். கண்ணை மூடி, பாட்டுக்கு முந்தைய அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். படத்தின் பெயர் வராவிட்டாலும் "பி. சுசீலா" என்றோ "இசை எம்.எஸ். விஸ்வநாதன்" என்றோ அறிவிப்பாளரின் குரலிலேயே வந்து விழக்கூடும்.

சென்னை வானொலி நிலையம் மெல்லிசைப் பாடல்களையும் ஒலிபரப்பியது. நிலையமே கவிஞர்களிடம் எழுதி வாங்கி, கலைஞர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தவை அவை. உங்கள் பாட்டு வானொலியில் மட்டும் கேட்டதாக இருந்து, கல்யாண வீட்டிலோ கேசட்டிலோ ஒருநாளும் கேட்டதில்லை என்றால், இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சினிமாப் பட்டியல்களில் இதைத் தேடுவது வீண்.

ஒலிபெருக்கி என்றால் எந்த மாதம்? ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், முருகன் கோயிலில் டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும், தர்கா விழாவில் நாகூர் ஹனிபா. இவை பெரும்பாலும் படங்களுக்காகப் பாடப்பட்டவை அல்ல, தனி இசைத்தட்டுகளாக வந்தவை. குரலைக் கேட்டு "சினிமாப் பாட்டுதான்" என்று முடிவு கட்டிவிடுபவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

தொலைக்காட்சி என்றால் கணக்கு இன்னும் எளிது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் பார்த்த ஞாபகம் என்றால், காட்சியும் கொஞ்சம் மனசில் இருக்க வேண்டும். நடிகர் யார், கறுப்பு வெள்ளையா வண்ணமா, மலையா கடற்கரையா என்று அதையும் எழுதி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தால் வண்ணப் படமும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

தாம்பரத்தில் வித்யாவிலோ எம்.ஆர். தியேட்டரிலோ, குரோம்பேட்டை வெற்றியிலோ பார்த்த படம் என்று உறுதியாகச் சொல்பவர்களும் உண்டு. அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: படத்தில் வந்த பாட்டா, படம் தொடங்குவதற்கு முன்போ இடைவேளையிலோ தியேட்டரில் போட்ட பாட்டா? இரண்டும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் கேட்டவை. மனசு இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிடும்.

சரி, எந்த வருஷத்துப் பாட்டு? நீங்கள் கேட்ட வருஷமும் பாட்டு வந்த வருஷமும் ஒன்றல்ல. 1962-இல் வந்த பாட்டை 1982-இல் நேயர் விருப்பத்தில் கேட்டிருக்கலாம். ஆகவே கேட்ட வருஷம் ஒரு கடைசி எல்லை மட்டும்தான். பாட்டு அதற்குப் பின் வந்திருக்க முடியாது, முன்னால் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். "நான் பத்தாவது படிக்கும்போது கேட்டேன், அதனால் அந்த வருஷத்துப் படங்களைத்தான் பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

மறுபக்கத்து எல்லையைக் குரல் கொடுக்கும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல் என்று உறுதியாகத் தெரிந்தால் 1969-க்கு முன்னால் போக வேண்டாம். 'அடிமைப் பெண்', 'சாந்தி நிலையம்' வந்த வருஷம் அது. இசை இளையராஜா என்றால் 1976-இல் வந்த 'அன்னக்கிளி'க்குப் பின். சித்ரா என்றால் 1985-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ. ஏ.ஆர். ரகுமான் என்றால் 1992-இல் வந்த 'ரோஜா'வுக்குப் பின். பாட்டு எழுதியவர் பெயர் ஞாபகமிருந்தால் அதுவும் உதவும்: வைரமுத்து 1980-இல் 'நிழல்கள்' படத்தில்தான் அறிமுகமானார், கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார்.

இந்த இரண்டு எல்லைகளையும் தாளில் குறித்துப் பாருங்கள். "எஸ்.பி.பி. குரல், நான் கேட்டது 1978" என்றால் 1969-க்கும் 1978-க்கும் நடுவே ஒன்பது வருஷம். ஐம்பது வருஷத்தில் தேடுவதற்கும் ஒன்பது வருஷத்தில் தேடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இனி போனுக்கு வருவோம். பாட்டுக் கண்டுபிடிக்கும் செயலிகளில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் ஏமாந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

ஷாஸம் போன்றவை முதல் வகை. எங்கேயாவது பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது போனை நீட்டினால், அந்த ஒலிப்பதிவில் உள்ள ஒலிகளின் அமைப்பைக் கைரேகைபோல எடுத்து, தன் கிடங்கில் உள்ள கைரேகைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும். கடையில் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதே ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். நீங்கள் முனகினால் அதற்கு ஒன்றும் புரியாது. மேடையில் வேறொருவர் பாடினாலும் புரியாது. பழைய கேசட்டைப் போட்டுக் காட்டினாலும், நாடா தளர்ந்து வேகம் மாறியிருந்தால் தடுமாறும். ஆட்டோவிலோ டீக்கடையிலோ தற்செயலாக அந்தப் பாட்டே காதில் விழும் நாளுக்காக இதைப் போனில் போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் தேடி இறக்கிக்கொண்டிருந்தால் பாட்டு முடிந்துவிடும்.

முனகினால் கண்டுபிடிப்பது இரண்டாவது வகை. கூகுள் 2020 அக்டோபரில் இதைக் கொண்டுவந்தது. கூகுள் செயலியில் மைக் படத்தைத் தொட்டு, பாட்டைத் தேடும் பொத்தானை அழுத்தி, பத்துப் பதினைந்து நொடி முனகினால் போதும். யூடியூபிலும், சவுண்ட்ஹவுண்ட் என்ற செயலியிலும் இதே வசதி உண்டு. உங்கள் குரலையும் வாத்தியங்களையும் விலக்கிவிட்டு, மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எண்களின் வரிசையாக மாற்றி இது ஒப்பிடுகிறது.

"எனக்குச் சுருதியே சேராதே?" என்று கேட்பீர்கள். சுருதி (பாடுவதற்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஒலி) மேலே கீழே இருந்தால் பரவாயில்லை. ஏற்ற இறக்கமும் காலப்பிரமாணமும் (பாட்டின் வேகம்) ஓரளவு சரியாக இருந்தால் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். சொல் தெரியாத இடத்தில் திணறாமல் 'லலலா' என்றே தொடர்ந்து பாடுங்கள். நடுவில் நிறுத்தி யோசித்தால் அந்த நிறுத்தத்தையும் அது மெட்டாக எடுத்துக்கொள்ளும். பல்லவியை ஒருமுறை, சரணத்தை ஒருமுறை, இடையிசையை ஒருமுறை என்று தனித்தனியாக முயன்று பாருங்கள். முதலில் வரும் விடையோடு நிறுத்தாமல் கீழே வரும் மூன்று நாலு விடைகளையும் கேளுங்கள்.

இது எல்லாப் பாட்டையும் கண்டுபிடிக்குமா? இல்லை. இணையத்தில் பலமுறை ஏற்றப்பட்ட, பலர் பாடிய பாட்டுகளை எளிதில் பிடிக்கும். பழைய இசைத்தட்டோடு நின்றுபோன பாட்டுகளும் வானொலி மெல்லிசையும் அதன் கிடங்கில் இருந்தால்தானே கிடைக்கும்? விடை வரவில்லை என்பதால் அப்படி ஒரு பாட்டே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

சொற்களைத் தட்டித் தேடுவதாக இருந்தால், எல்லாப் பாட்டிலும் வரும் சொற்களை விடுங்கள். நிலா, மலர், நெஞ்சம், கண்ணே, தென்றல் இவற்றைப் போட்டால் ஆயிரம் பாட்டு வரும். அபூர்வமான ஒரு சொல் இருந்தால் அதை மட்டும் 'பாடல் வரிகள்' என்பதோடு சேர்த்துத் தேடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. ஆங்கில எழுத்தில் ழகரத்தையும் ளகரத்தையும் நெடில் எழுத்துகளையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள் என்பதால் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

"அந்தப் படம்தான் என்று சந்தேகப்பட்டு முழுசாகப் பார்த்துவிட்டேன், பாட்டு இல்லையே" என்பது அடிக்கடி கேட்கும் புகார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கேம்ப் ரோடு பக்கம் தையல் வகுப்புக்குப் போய்வந்த காலத்தில், கடை வானொலியில் எஸ். ஜானகி பாடி ஒரு பாட்டைக் கேட்டிருக்கிறார். 'நிழல்கள்' படப் பாட்டு என்று அறிவித்ததாக லேசாக ஞாபகம். பல வருஷம் கழித்து அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தபோது சமையலைக்கூட முன்னாலேயே முடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். பாட்டு வரவில்லை. "சரி, நமக்குத்தான் தப்பா ஞாபகம்" என்று அந்தப் படத்தையே மனசிலிருந்து அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தேடியதெல்லாம் மற்ற படங்களில்.

அவர் ஞாபகம் தப்பே இல்லை. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக ஜானகி பாடிய அந்தப் பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது, படத்தில் இல்லை. என் போனில் அதைப் போட்டுக் காட்டினேன். தொடக்க இசை முடிவதற்குள்ளேயே, "இதுதாங்க, இதேதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவில்லை.

ஆகவே, படத்தில் இல்லை என்பதால் அந்தப் படத்தின் பாட்டு இல்லை என்று ஆகிவிடாது. நீளம் கருதி வெட்டியிருக்கலாம், மறுவெளியீட்டுப் பிரதியில் விட்டிருக்கலாம், தொலைக்காட்சியில் விளம்பரத்துக்காக நறுக்கியிருக்கலாம். படமே வெளிவராமல் பாட்டு மட்டும் வந்ததும் உண்டு. இளையராஜா இசையமைத்த 'மணிப்பூர் மாமியார்' படம் திரைக்கு வரவில்லை, அதன் பாட்டுகள் வானொலியில் ஒலித்தன. இப்படிப்பட்டவற்றுக்கு இசைத்தட்டு, கேசட் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

மெட்டு அதேதான், சொல் மட்டும் வேறாக இருக்கிறது என்றால்? வேறு மொழி வடிவம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தெலுங்கு 'சாகர சங்கமம்' இங்கே 'சலங்கை ஒலி'யாக வந்தது. 1982-இல் வந்த 'ஓளங்கள்' என்ற மலையாளப் படத்தின் மெட்டு ஒன்றை இளையராஜா தமிழில் 'ஆட்டோ ராஜா'விலும், பல வருஷம் கழித்து 2009-இல் ஹிந்தி 'பா' படத்திலும் கையாண்டார். 'சங்கராபரணம்' பாட்டுகளையோ தெலுங்கிலேயே ஊர் முழுக்கக் கேட்டோம். தாம்பரம் விமானப்படை நிலையமும் ரயில்வே குடியிருப்பும் இருக்கும் வட்டாரம் இது. பக்கத்து வீட்டில் மலையாளமோ ஹிந்தியோ ஒலித்துக்கொண்டிருந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டு தமிழ்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

செயலி கைவிட்ட பிறகு? செயலிக்கு முன்பேகூட, மனிதர்களிடம் போகலாம் என்பது என் அபிப்பிராயம். யாரிடம் என்பதுதான் விஷயம். மெல்லிசைக் குழுவில் கீபோர்டோ தபேலாவோ வாசித்தவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். கல்யாணக் கச்சேரிகளில் கேட்ட பாட்டையெல்லாம் வாசித்தவர்களுக்குச் சரணமும் இடையிசையும் அத்துப்படி. அந்தக் காலத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர்கள் இன்னொரு புதையல். நாம் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க, அறுபது நிமிஷ நாடாவில் அடுக்கிப் பதிவு செய்து தந்தவர்கள் அவர்கள்தான்.

குடும்பத்தில் உங்களைவிட ஐந்தாறு வயது மூத்த அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் போன் போடுங்கள். நீங்கள் சிறுபிள்ளையாகக் கேட்டதை அவர்கள் விவரம் தெரிந்த வயதில் கேட்டிருப்பார்கள். கேட்கும்போது "இது அந்தப் படப் பாட்டுதானே?" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் சொன்ன பெயரிலேயே அவர்கள் மனசும் போய் நின்றுவிடும். பதிவு செய்ததைப் போட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

பழைய பாட்டுப் புத்தகங்களை மறக்க வேண்டாம். தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்றவை. முன்பக்கம் கதைச் சுருக்கம், உள்ளே எல்லாப் பாட்டும் சரணம் உட்பட. சரணம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. வீட்டுப் பரணில் அம்மாவின் தகரப் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேகரித்ததை வைத்து 1994-இல் உருவான நூலகம் அது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வரை பேருந்தில் போய் அங்கிருந்து தரமணி போவது அரை நாள் வேலைதான். போகும் முன் தொலைபேசியில் கேட்டு, நீங்கள் போட்ட வருஷ எல்லையைச் சொல்லுங்கள். எல்லை இல்லாமல் "ஒரு பழைய பாட்டு" என்று போனால் அவர்களால் எதை எடுத்துக்கொடுக்க முடியும்?

எந்த வருஷம் எந்தப் படம் வந்தது என்று பார்க்க, பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நல்ல நூல். ஒன்பது வருஷ எல்லையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களில் விரலை ஓட்டினால், ஏதோ ஒரு படப் பெயரில் மனசு நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தின் எல்லாப் பாட்டையும் கேளுங்கள்.

எதுவும் வேலைக்கு ஆகவில்லையா? இரண்டு பாட்டை ஒட்டி ஒன்றாக வைத்திருக்கிறீர்களோ என்று பாருங்கள். ஒரே தாளத்திலும் ராகத்திலும் இருக்கும் இரண்டு பாட்டில், ஒன்றின் பல்லவியும் மற்றதன் சரணமும் சேர்ந்துகொள்வது மிகச் சாதாரணம். இரண்டு பகுதிகளையும் வேறு வேறு பாட்டு என்று வைத்துக்கொண்டு தனித்தனியாகத் தேடுங்கள்.

பாட்டு கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது எப்படி உறுதி செய்வது? முழுதாகக் கேளுங்கள். நீங்கள் பதிவு செய்து வைத்த இடையிசையும், கோடு போட்டு வைத்த சொல்லும் அதில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். விவரத்தை எழுதிக்கொள்ளும்போது யூடியூப் தலைப்பை அப்படியே நம்ப வேண்டாம். படத்தின் பெயரும் வருஷமும் மாறிக் கிடக்கும். பாட்டு எழுதியவர் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். வாலியும் மருதகாசியும் எழுதியவை கண்ணதாசன் கணக்கில் ஏறியிருக்கும். இசைத்தட்டு உறை, படத் தொடக்கத்தில் பெயர் போடும் பகுதி, பாட்டுப் புத்தகம் இவற்றில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். எங்கே கேட்டது, எந்த வருஷ எல்லை, யார் குரல் என்ற மூன்றையும் அந்தப் பதிவின் முதல் அரை நிமிஷத்தில் உங்கள் குரலிலேயே சொல்லி, பிறகு முனகுங்கள். அதைப் பிள்ளைகளுக்கும் பழைய வகுப்புத் தோழர்களுக்கும் அனுப்பி வையுங்கள். முனகித் தேடும் செயலிகளின் கிடங்கில் பழைய பாட்டுகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை அதே பதிவை வைத்து மறுபடி தேடுங்கள்.